கிணற்றுத் தண்ணீருக்கு எந்த மீன்கூட்டம்? யாழ்ப்பாணத்துச் செடித் தொட்டிக்கு ஐந்து தெரிவுகள்

மீன் தொட்டியில் நட்ட நீர்ச்செடி வேர்பிடித்துவிட்டது. வலிஸ்னேரியா மண்ணுக்கடியால் ஓடி அடுத்த குருத்தை விட்டிருக்கிறது. கிறிப்டோகோரின் பழைய இலையெல்லாம் கரைந்து புது இலை போட்டிருக்கிறது. இனி மீன்தான். பச்சைக்கு முன்னால் சின்ன மீன்கள் கூட்டமாகத் திரும்பி ஒரே நேரத்தில் மின்னவேண்டும் என்பது எல்லாருக்கும் உள்ள ஆசை. ஆனால் எந்த மீன் என்று வரும்போது ஆளுக்கொரு கதை. கொழும்பில் தொட்டி வைத்திருக்கும் மச்சான் நியோன் டெட்ரா என்கிறார். யூடியூப்பில் பார்த்தது கார்டினல். கடைக்காரர் "எல்லாத்திலயும் அஞ்சஞ்சு எடுங்கோ, வடிவா இருக்கும்" என்கிறார்.

இவர்களில் யாரும் உங்கள் கிணற்றைப் பார்த்துச் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தில் மீன் எது என்று முதலில் சொல்லவேண்டியது கிணறு, அடுத்து வெயில். நிறமும் அழகும் அதற்குப் பிறகு வரட்டும். இந்த வரிசையை மாற்றி வாங்கிய தொட்டிகளில் மீன் ஒன்றொன்றாகக் குறைந்துகொண்டே போவதைத்தான் பார்க்கிறேன். மீனில் குறை இல்லை, வளர்ப்பவரும் கவனமானவர்தான், தண்ணீருக்கும் மீனுக்கும் பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

## எதை வைத்து எடைபோடுவது

தண்ணீரின் வன்மை. குடாநாடு சுண்ணாம்புக்கல்லின்மேல் இருக்கிறது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இங்கே இல்லை. வழுக்கையாறும் மழைக்கு மட்டும் ஓடுவது. நாம் அள்ளுவதெல்லாம் சுண்ணாம்புக்கல்லில் ஊறிய நிலத்தடி நீர், கல்சியமும் இருகாபனேற்றும் நிறைந்த வன்னீர். கேத்தலின் அடியில் பிடிக்கும் வெள்ளைப் படிவும், சவர்க்காரம் லேசில் நுரைக்காததும் அதனால்தான். கல்சியம் காபனேற்றாகக் கணக்கிட்டு லீற்றருக்கு 180 மில்லிகிராமைத் தாண்டினாலே மிகக் கடுமையான வன்னீர் என்று சொல்வார்கள். வலிகாமத்துக் கிணறுகள் பல அதைச் சாதாரணமாகத் தாண்டும்.

தீவகப் பக்கம் வன்மையோடு உப்பும் சேர்கிறது. புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது எல்லாருக்கும் தெரியும். குடாநாட்டின் பல இடங்களிலும் நிலத்துக்கடியில் அதே நிலைதான்: உவரின்மேல் நன்னீர் ஒரு படையாக நிற்கிறது. கோடையில் இறைக்க இறைக்க அந்தப் படை மெலிகிறது. அதனால் உங்கள் கிணறு தையில் ஒரு தண்ணீர், ஆவணியில் வேறு தண்ணீர். அளந்து பார்ப்பதென்றால் ஆவணியில் அளவுங்கள். மாரியில் அளந்த கணக்கை நம்பி மீன் வாங்கினால் கோடையில் கணக்குப் பிழைக்கும்.

செம்மண் தோட்டக் காணிகளுக்கு நடுவே கிணறு இருந்தால் இன்னொன்றையும் அளக்கவேண்டும்: நைத்திரேற்று. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போட்ட பசளை நிலத்துக்குள் இறங்கிக் கிணற்றுக்கு வருகிறது. செடிகளுக்கு இது நல்ல தீனி. ஆனால் தண்ணீர் மாற்றினால் நைத்திரேற்று குறையும் என்ற வழக்கமான ஆலோசனை அந்தக் கிணற்றுக்குப் பொருந்தாது. வேகமாக வளரும் செடிகளை நெருக்கமாக நட்டு, அடிக்கடி வெட்டி எடுப்பதுதான் அங்கே வழி.

வெப்பம். சித்திரை, வைகாசியில் தொட்டித் தண்ணீர் 30, 31 பாகைக்கு ஏறிவிடும். தகரக் கூரையென்றால் இன்னும் கூடும், ஓட்டு வீட்டில் கொஞ்சம் குறையும். சூட்டைவிட ஒட்சிசன்தான் பிரச்சினை. 25 பாகையில் லீற்றருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேலே கரையும் ஒட்சிசன், 31 பாகையில் 7.5க்கும் கீழே போய்விடுகிறது. அதே சூட்டில் மீனுக்கு மூச்சுத் தேவை கூடுகிறது. இரவில் செடிகளும் ஒட்சிசனை எடுக்கின்றன. விடியற்காலையில் மீன்கள் மேற்பரப்பில் வாயை வைத்து நிற்பதைக் கண்டால், தொட்டி தன் எல்லையில் இருக்கிறது என்று பொருள். காபனீரொட்சைட்டு உருளை பூட்டியவர்கள் இந்த மாதங்களில் அதைக் குறைக்கவேண்டும், இரவில் கட்டாயம் நிறுத்தவேண்டும்.

அமோனியா. இதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. மீன் கழிக்கும் அமோனியாவில் ஒரு பங்குதான் நச்சு வடிவில் இருக்கும். அந்தப் பங்கு தண்ணீரின் பீ.எச். பெறுமானத்தை, அதாவது அமில, கார அளவைப் பொறுத்தது. பீ.எச். ஒன்று ஏறினால் நச்சுப் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகிறது. பீ.எச். 7, 25 பாகையில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு, பீ.எச். 8, 30 பாகையில் நூற்றுக்கு ஏழைத் தாண்டும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் இரண்டாவது வகையைச் சேர்ந்தது. மென்னீர் ஊர்களில் எழுதிய "லீற்றருக்கு இத்தனை மீன்" என்ற கணக்கை அப்படியே இங்கே போட்டால் தொட்டி தாங்காது.

எண்ணிக்கையும் இடமும். கூட்டமீன் என்றால் ஒரே இனத்தில் குறைந்தது எட்டு, பத்து. ஐந்து இனத்தில் மும்மூன்று வாங்கினால் உங்களிடம் இருப்பது பதினைந்து தனி மீன்கள், கூட்டம் இல்லை. அவை மூலைக்குள் ஒதுங்கும், நிறம் வெளுக்கும், ஒன்றையொன்று கொத்தும். அந்தப் பதினைந்தும் ஒரே இனமாக இருந்தால் தொட்டியே வேறு. இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

தொட்டி அளவையும் கையோடு பார்த்துவிடுவோம். 24க்கு 12க்கு 12 அங்குலத் தொட்டி கணக்குக்கு 56 லீற்றர். மண், கல், கட்டை போக நிற்பது 45தான். 36க்கு 15க்கு 15 தொட்டி கணக்குக்கு 132, நிற்பது 110 அளவில்.

மறைந்திருக்கும் செலவு. மீனின் விலை ஒரு தரம் கொடுப்பது. மழைநீர் சேமிப்பு, மூடி, மாற்று மீன், மின்வெட்டுக்கு மின்கலக் காற்றுப் பம்பு என்பன தொடர்ந்து வரும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளுக்கு 13 மணிநேரம் மின் இல்லாமல் இருந்தோம். நெருக்கமாக மீன் விட்ட தொட்டிக்கும் அளவாக விட்ட தொட்டிக்கும் என்ன வித்தியாசம் என்பது அப்படிப்பட்ட நாட்களில்தான் தெரியும்.

## ஒரு பார்வையில்

| மீன் | வன்னீர் தாங்குமா | 30 பாகைச் சூடு | குறைந்த தொட்டி | கூட்டம் கட்டுவது | மறைந்த செலவு |
|---|---|---|---|---|---|
| நியோன் டெட்ரா | இல்லை | தாங்காது | 2 அடி | நன்று | மாற்று மீன், மழைநீர் |
| கார்டினல் டெட்ரா | கஷ்டம் | தாங்கும் | 2 அடி, 3 நல்லது | மிக நன்று | மழைநீர்ச் சேமிப்பு |
| ஹார்லிக்வின் ரஸ்போரா | ஓரளவு | ஓரளவு | 2 அடி | மிக நன்று | கொஞ்சம் மழைநீர் |
| செர்ரி பார்ப் | நன்றாக | காற்றோட்டத்தோடு | 2 அடி | தளர்வாக | அடர்ந்த செடி |
| சீப்ரா டானியோ | நன்றாக | தாங்கும் | 3 அடி | நன்று | மூடி |
| குட்டி நியோன் ரெயின்போ | நன்றாக | காற்றோட்டத்தோடு | 3 அடி | நன்று | மீன் விலை, தேடும் அலைச்சல் |

## நியோன், கார்டினல்

இரண்டையும் ஒன்றாகப் பேசுவது வழக்கம். யாழ்ப்பாணத்தில் பிரித்துப் பேசவேண்டும்.

நியோன் அமேசனின் மேற்குப் பகுதி ஓடைகளைச் சேர்ந்தது. 20 முதல் 26 பாகைதான் அதற்குச் சுகம். எங்கள் மாசியிலேயே அது திணறத் தொடங்கிவிடும். பண்ணைகளில் பெருந்தொகையாகப் பெருக்குவதால் பலவீனமான மீன்களும் நிறைய வருகின்றன. 'நியோன் நோய்' என்று ஒன்று உண்டு: முதுகுப்பக்கம் தசை வெளுத்து, நீலக்கோடு இடையிடையே அறுந்து தெரியும். அது ஒரு நுண்ணொட்டுண்ணியால் வருவது, மருந்து கிடையாது, கண்டால் பிரிக்கவேண்டியதுதான். விலை மலிவு என்பதற்காக நியோனை எடுப்பவர்கள் வருடத்துக்குள் அதே தொகையைத் திரும்பத் திரும்பக் கொடுக்கிறார்கள். இங்கே நியோன் வேண்டாம் என்பதே என் முடிவு.

கார்டினல் வேறு. 1956இல்தான் அறிவியல் பெயர் பெற்ற மீன். ரியோ நேக்ரோ, ஒரினோக்கோ ஆறுகளின் மேற்பகுதி அதன் ஊர். அந்த ஆற்றுநீர் தேயிலைச் சாயம்போல் கறுத்த, சூடான, கனிமமே இல்லாத நீர். சூட்டை அது நன்றாகத் தாங்கும். 28, 29 பாகையில் உற்சாகமாகவே இருக்கும். சிவப்பு வயிறு தலையிலிருந்து வால்வரை ஓடும், நியோனுக்கு அது பாதியோடு நின்றுவிடும். செடிக்கு நடுவே இருபது கார்டினல் திரும்பும் காட்சிக்கு ஈடு இந்தப் பட்டியலில் வேறெதுவும் இல்லை, அதை மறைக்கத் தேவையில்லை.

தடை தண்ணீர்தான். வெயில் பொருந்துகிறது, கிணறு பொருந்தவில்லை. நாட்டு வாதுமை இலை போட்டால் சரியாகிவிடும் என்று சொல்வார்கள். இலை தண்ணீரைப் பழுப்பாக்கும், மீனுக்கு இதம்தான், ஆனால் எங்கள் வன்மையில் அது கைவைக்காது. வன்மையைக் குறைக்க ஒரே வழி வன்மை இல்லாத தண்ணீரைக் கலப்பது: மழைநீர், அல்லது கானில் விற்கும் சவ்வூடு வடித்த குடிநீர்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கிணற்றின் வன்மை லீற்றருக்கு 400 மில்லிகிராம், தொட்டிக்கு 100 வேண்டும் என்றால் நாலில் மூன்று பங்கு மழைநீர். இரண்டடித் தொட்டியில் வாரம் 10 லீற்றர் மாற்றினால் ஏழரை லீற்றர். மாசி முதல் புரட்டாசிவரை மழையை நம்பாமல் 32 வாரம் ஓட்ட 240 லீற்றர். ஆவியாகிப் போவதை நிரப்பவும் சேர்த்தால் 500 லீற்றர்ப் பிளாஸ்ரிக் தாங்கி ஒன்று போதும். மூன்றடித் தொட்டியில் வாரம் 25 லீற்றர் மாற்றினால் 600ஐத் தொடும், நிரப்புவதோடு ஆயிரம் லீற்றர்த் தாங்கி. பீலியிலிருந்து தாங்கிக்குக் குழாய், முதல் மழையைக் கழிய விடுவது, நுளம்பு புகாமல் வலையும் மூடியும்: இவ்வளவும் ஒழுங்காகச் செய்தால் கார்டினல் யாழ்ப்பாணத்தில் நடக்கும். நுளம்பு விசயத்தில் கவனமாக இருங்கள், டெங்குக் காலத்தில் சுகாதாரப் பரிசோதகர் முதலில் பார்ப்பது அந்தத் தாங்கியைத்தான்.

இதைச் செய்யும் மனமும் முற்றத்தில் இடமும் இருந்தால் கார்டினலை எடுங்கள். "இப்போதைக்குக் கிணற்றுத் தண்ணி, பிறகு பார்ப்பம்" என்றால் எடுக்காதீர்கள்.

மழைநீருக்கு ஆயத்தமானவர்களிடம் ஒரே ஓர் இரண்டடித் தொட்டிதான் இருக்கிறது என்றால் எம்பர் டெட்ராவையும் யோசிக்கலாம். இரண்டு சென்ரிமீற்றர்தான் வளரும், செம்மஞ்சள் நிறம், 29 பாகைவரை பிரச்சினையில்லை. பதினைந்து விட்டாலும் தொட்டிக்குச் சுமை இல்லை.

## ஹார்லிக்வின் ரஸ்போரா

மலாய்த் தீபகற்பம், சிங்கப்பூர், சுமாத்திரா. செப்புநிற உடல், பின்பாதியில் கறுப்பு முக்கோணம். நாலு, நாலரை சென்ரிமீற்றர். அகன்ற இலையின் அடிப்பக்கத்தில், தலைகீழாகத் திரும்பி முட்டை ஒட்டும் பழக்கம் இதற்கு உண்டு. கிறிப்டோகோரின் நிறைந்த தொட்டியில் இதைக் கண்ணால் காணலாம்.

காட்டில் இதுவும் மென்னீர் மீன்தான். ஆனால் பல தலைமுறையாகப் பண்ணையில் பெருக்கப்பட்டதால் நடுத்தர வன்மைக்குப் பழகிவிட்டது. நாலில் மூன்று பங்கு மழைநீர் இதற்குத் தேவையில்லை, பாதிக்குப் பாதி போதும். மாரியில் சும்மா ஓடிப்போகும் தண்ணீரை இரண்டு மூன்று பெரிய கான்களில் பிடித்து வைத்து, கோடையின் கடும் மாதங்களில் மட்டும் கலந்தாலும் ஓரளவு சமாளிக்கும். முழுக் கிணற்றுத் தண்ணீரில் உயிரோடு இருக்கும், ஆனால் அந்தச் செம்பு வெளிறி மண்நிறமாகிவிடும்.

பத்து ஹார்லிக்வின் நெருங்கி நின்று, ஒன்று திரும்பினால் மற்றவையும் திரும்பும் ஒழுங்கு மிக வடிவு. கார்டினலின் அழகுக்கு ஆசை, தாங்கி கட்ட வசதியில்லை என்ற நடு நிலைக்கு ஏற்ற மீன் இது.

## செர்ரி பார்ப்

எங்கள் தீவின் மீன். களனி கங்கை முதல் நில்வலா கங்கைவரை, தென்மேற்கு ஈரவலயத்தின் நிழலான சிற்றோடைகளில் மட்டும் இயற்கையாக வாழ்வது. 1929இல் இலங்கை விலங்கியலாளர் தெரணியகல இதை விவரித்துப் பெயரிட்டார். உலகமெங்கும் கடைகளில் விற்கப்படும் இந்த மீனை, அது பிறந்த நாட்டிலேயே பலர் "சாதாரண மீன்" என்று தாண்டிப் போவது எனக்குப் பெரிய மனக்குறை.

கடையில் நிறம் காட்டாது என்பது உண்மை. வெறும் கண்ணாடித் தொட்டியில், வெளிச்சத்துக்குக் கீழே, வெளிறிய பழுப்பு மீனாக ஒரு கறுப்புக் கோட்டோடு நிற்கும். அதையே அடர்ந்த செடித் தொட்டியில் விட்டு மூன்று வாரம் பொறுங்கள். காலையில் விளக்குப் போட்டதும் ஓர் ஆண் மீன் இலைக்குப் பின்னாலிருந்து வரும். செட்டையெல்லாம் விரித்து, உடம்பைக் கொஞ்சம் சரித்து, இன்னொரு ஆணைச் சுற்றிச் சுற்றி வரும். வயிற்றிலிருந்து செட்டை நுனிவரை ஒரே இரத்தச் சிவப்பு. கடியோ கிழியலோ இல்லை, நிறத்தாலேயே சண்டை. பெண் மீன் பக்கத்தில் தன் பாட்டில் பாசி கொத்திக்கொண்டிருக்கும்.

இந்த ஐந்தில் கிணற்றுத் தண்ணீரையும் செடித் தொட்டியையும் மிக இலகுவாக ஏற்பது இதுதான். வன்னீரும் பீ.எச். 8ஐ ஒட்டிய தண்ணீரும் வளர்ப்பு மீனுக்குப் பழக்கம். செடியைத் தின்னாது, பிடுங்காது. ஆணுக்கு இரண்டு பெண் என்ற கணக்கில் பத்து விட்டால் இரண்டடித் தொட்டிக்கு அளவு. ஜாவா பாசி அடர்த்தியாக இருந்தால் குஞ்சுகூட ஒன்றிரண்டு தானாகத் தப்பி வளரும். மாற்று மீன் வாங்கும் செலவு அப்படியே குறைகிறது.

குறை இரண்டு. முதலாவது சூடு: நிழலோடையில் பிறந்த மீனுக்கு 27 பாகைவரைதான் சுகம். 30ஐத் தாங்கும், ஆனால் மேற்பரப்பு அலையவேண்டும், ஒட்சிசன் குறையக்கூடாது. இரண்டாவது கூட்டம்: இது இறுக்கமாகத் திரண்டு ஓடும் மீன் இல்லை. தொட்டி முழுக்கப் பரவி, அங்கங்கே மூன்று நாலாக நிற்கும். ஒரே முகில்போல் நகரவேண்டும் என்றால் செர்ரி பார்ப் உங்களை ஏமாற்றும். நாள்முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க ஏதாவது நடக்கவேண்டும் என்றால் இதைவிட நல்லது இல்லை.

கிறிப்டோகோரின் வென்ட்டியும் இலங்கைக்கு மட்டும் உரிய செடி, வன்னீரில் நன்றாக வரும். இரண்டையும் சேர்த்து வைத்தால் தீவின் ஓர் ஓடைத் துண்டு வீட்டுக்குள் இருக்கும். ஒன்று மட்டும்: பண்ணையில் வளர்ந்த மீனைக் கேட்டு வாங்குங்கள். காட்டோடையில் பிடித்தது என்று யாராவது பெருமையாகச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த ஓடைகள் ஏற்கெனவே சுருங்கிக்கொண்டு வருகின்றன.

## சீப்ரா டானியோ

கங்கைச் சமவெளியின் மீன், 1822இல் ஹமில்டன் விவரித்தது. உலகின் ஆய்வுகூடங்களில் எலிக்கு அடுத்து அதிகம் வளர்க்கப்படும் விலங்குகளில் ஒன்று. ஆய்வுகூடங்கள் அதற்கு வைக்கும் வழமையான வெப்பநிலை 28.5 பாகை. யாழ்ப்பாணத்துத் தொட்டி அதே அளவில்தான் ஆண்டின் பெரும்பகுதி நிற்கிறது. வன்னீரும் பிரச்சினையில்லை. விலை மலிவு, எங்கும் கிடைக்கும். எடைபோட்டால் தண்ணீர், வெப்பம் இரண்டிலும் முழுப் புள்ளி.

பிறகு ஏன் எல்லாருக்கும் இதைச் சொல்வதில்லை? இது நிற்காது. தொட்டியின் மேல்மட்டத்தில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டடி அதற்கு இரண்டு துள்ளல்தான். மூன்றடி நீளத் தொட்டி, முன்பக்கம் வெளி, பின்பக்கம் வலிஸ்னேரியா என்றால் பத்து டானியோ அருமை. மூடி கட்டாயம், இரவில் குதிக்கும். நீண்ட செட்டை மீன்களோடு போட்டால் செட்டையைக் கொத்தும். மாலையில் அமைதியாகக் கொஞ்சநேரம் தொட்டிக்கு முன்னால் இருக்கவேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இது பொருந்தாது. சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு நன்றாகப் பொருந்தும்.

## குட்டி நியோன் ரெயின்போ

பப்புவாவின் மம்பெராமோ ஆற்றுப்படுகையிலிருந்து வருவது. ஆறு, ஏழு சென்ரிமீற்றர், நீலவெள்ளி உடல், சிவப்புச் செட்டை. வன்னீரில் நன்றாக நிறம் காட்டும். மூன்றடிக்குக் கீழே வேண்டாம், எட்டுக்குக் குறையவும் வேண்டாம். இங்கே எப்போதும் கிடைப்பதில்லை, சொல்லிவைத்துக் கொழும்பிலிருந்து எடுக்கவேண்டும், விலையும் கூட. மூன்றடித் தொட்டி, கிணற்றுத் தண்ணீர், மழைநீர் பிடிக்க வழியில்லை, ஆனாலும் மின்னவேண்டும் என்றால் இதுதான் விடை. குஞ்சாக வாங்கினால் வெள்ளியாகத்தான் இருக்கும், நிறம் ஏற ஒரு வருடம்வரை பொறுமை வேண்டும்.

## கப்பி கேட்பவர்களுக்கு

வன்னீருக்குக் கப்பியைப்போல் பொருந்தும் மீன் குறைவு. ஆனால் அது கூட்டமாக நீந்தும் மீன் இல்லை, நான்கு வாரத்துக்கு ஒருமுறை குஞ்சு போடும். எங்கள் அமோனியாக் கணக்கில் அந்தப் பெருக்கம் ஆபத்து. வேண்டுமென்றால் ஆண் மீன் மட்டும் எட்டு விடுங்கள், அப்புறம் பெண் சேர்க்கும் ஆசை வரக்கூடாது. மிஞ்சியதைக் கேணியிலோ குளத்திலோ விடுவது கூடவே கூடாது, இது எல்லா மீனுக்கும் பொருந்தும்.

## எந்த வீட்டுக்கு எது

இரண்டடித் தொட்டி, கிணற்றுத் தண்ணீர், வேலைக்குப் போய்வரும் ஆள்: செர்ரி பார்ப். யோசிக்கவே வேண்டாம். அதே தொட்டியோடு மாரியில் நாலு கான் தண்ணீர் பிடிக்க முடிந்தால் ஹார்லிக்வின். தாங்கியும் பீலியும் உள்ள வீட்டில் கார்டினல். நீளத் தொட்டியும் பிள்ளைகளும் என்றால் டானியோ. நீளத் தொட்டியும் பொறுமையும் என்றால் ரெயின்போ.

வேலணை, ஊர்காவற்றுறைப் பக்கம் கிணறு உவர்த்தால் இந்தப் பட்டியலில் எதையும் முழுக் கிணற்றுத் தண்ணீரில் விடாதீர்கள். அங்கே மழைநீரை அடிப்படையாக வைத்து, கிணற்று நீரைக் கொஞ்சமாகச் சேர்ப்பதே சரி. 2024இல் தாளையடிக் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் திறந்தபின் குழாய்நீர் வரும் வீடுகளில் அதைத் தனியாக அளந்து பாருங்கள். குளோரின் முறிக்கும் திரவம் சேர்த்த பிறகே தொட்டிக்குள் ஊற்றவேண்டும்.

எந்த மீன் என்றாலும் கோடையில் ஒரு பழக்கம் உதவும். மேற்பரப்பின் குறுக்கே சின்ன மின்விசிறி ஒன்றை வீசவிட்டால் தண்ணீர் இரண்டு, மூன்று பாகை இறங்கும். அதற்கு விலை உண்டு: தண்ணீர் வேகமாக ஆவியாகும். ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர். சுண்ணாம்பு தொட்டியிலேயே நிற்கும். குறைந்ததைக் கிணற்று நீரால் நிரப்பிக்கொண்டே போனால் இரண்டு மாதத்தில் தொட்டி கிணற்றைவிட வன்மையாகிவிடும். நிரப்புவதற்கு மட்டுமாவது மழைநீர் வைத்திருங்கள். செர்ரி பார்ப் வீடுகளுக்கும் இது பொருந்தும்.

## வாங்கும்போது

கொழும்பிலிருந்து மீன் இரவு பஸ்ஸில் வருகிறது, ஏறக்குறைய 400 கிலோமீற்றர். பைக்குள் மீன் விட்ட மூச்சால் பீ.எச். இறங்கியிருக்கும், அமோனியா ஏறியிருக்கும், ஆனால் நச்சு வடிவில் இராது. பையைத் திறந்ததும் பீ.எச். ஏறி அந்த அமோனியா நச்சாகத் தொடங்கும். அதனால் திறந்த பைக்குள் மணிக்கணக்காகச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுப் பழக்குவது இந்த மீன்களுக்கு உதவாது. ஆனால் மென்னீரிலிருந்து வன்னீருக்கு உடனே மாற்றுவதும் அதிர்ச்சி.

இந்த இக்கட்டுக்கு நல்ல வழி, அன்று வந்த மீனை அன்றே வாங்காமல் இருப்பதுதான். கடைக்காரரிடம் கேளுங்கள்: "அண்ணை, இது எப்ப வந்தது? எந்தத் தண்ணியில நிக்குது?" இரண்டு வாரம் யாழ்ப்பாணத்துத் தண்ணீரில் நின்று, சாப்பிட்டு, வயிறு ஒட்டாமல் இருக்கும் மீனை எடுங்கள். பலவீனமானது அதற்குள் போயிருக்கும், நிற்பது பழகியிருக்கும். நல்ல கடைக்காரர் உங்களுக்காகப் பிடித்துவைப்பார். இன்றைக்கே எடு, நாளைக்கு முடிந்துவிடும் என்பவரிடம் அவசரப்படவேண்டாம்.

காலத்தையும் பாருங்கள். ஆவணி, புரட்டாசியில் தொட்டி கட்டிச் செடி நடுங்கள். ஐப்பசி மழைக்குள் செடி பிடித்துவிடும், தாங்கியும் நிறையும். கார்த்திகையில் வாடைக்காற்றோடு தண்ணீர் குளிர்ந்ததும் முதல் ஆறு மீன். இரண்டு வாரம் கழித்து அமோனியாவை அளந்து, பூச்சியமாக இருந்தால் அடுத்த ஆறு, அதே கடையில், அதே இனத்தில்.